அறுபத்தோராவது ஆள்

1

இந்தக் கதை ஒரு கேலியில் பிறந்தது. ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டுக்காரர், பாளையங்கோட்டை செல்லத்துரை அத்தான், போனில் கேட்டார்:

"ஏ பிள்ள, உங்க ஊர்ல ஓட்டே போட மாட்டாங்களாம்லா? ஆளுக்கொரு மூலையில போயி நிப்பாங்களாம், வாத்தியாரு நிக்க வச்ச மாதிரி. இதுக்குப் பேரு எலெக்சனா?"

"இது எலெக்சன் இல்ல அத்தான். கட்சிக்காரங்க கூடி, ஜனாதிபதி தேர்தல்ல நம்ம கட்சி சார்பா யார நிறுத்தலாம்னு சொல்றது. காக்கஸ்னு பேரு."

"அதத்தான் கேக்கேன். பெட்டி இல்ல, மெசினு இல்ல, விரல்ல மை இல்ல. பொறவு எப்படிச் சொல்லுவீய?"

"ஆள எண்ணுவோம்."

அத்தான் சிரித்த சிரிப்பில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்ன ஏது என்று கேட்டது எனக்கே கேட்டது. ரோஷம் வந்துவிட்டது. இவருக்குப் புரிகிற மாதிரி நாலு பத்தியில் எழுதி அனுப்புவோம் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியில் ஹார்லன் ஷ்ரோடர் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதோடு விளக்கம் போயிற்று. அத்தானுக்கு இன்னும் பதில் போகவில்லை.

2

தொடக்கம் எழுதத் தெரியாமல் நான் பட்ட பாட்டைப் பாருங்கள்.

"பனி பெய்துகொண்டிருந்த ஒரு பிப்ரவரி மாலையில்……"

(அடித்துவிட்டேன். அயோவாவில் பிப்ரவரியில் பனி பெய்தது என்று எழுதுவதும் திருநெல்வேலியில் சித்திரையில் வெயில் அடித்தது என்று எழுதுவதும் ஒன்றுதான். இனி இந்தக் கதையில் பனியைப் பற்றிப் பேச்சில்லை.)

"மக்களாட்சியின் ஆணிவேர் எங்கே இருக்கிறது என்று கேட்டால்……"

(யாரும் கேட்கவில்லை. இதுவும் போச்சு.)

"நான் பன்றிக்கு வைத்தியம் பார்க்கிறவள்."

இது நிற்கட்டும். பொய்யில்லாத வாக்கியம். ஸ்டோன் க்ரீக்கைச் சுற்றியிருக்கிற பன்றிப் பண்ணைகளுக்கும் மாட்டுக் கொட்டில்களுக்கும் நான்தான் டாக்டர். என் பெயரைச் சரியாகச் சொல்ல இரண்டு வருஷம் முயன்றுவிட்டு, ஊர் ஒருமனதாக 'டாக்' என்று வைத்துக்கொண்டது. குடியுரிமை வாங்கின கையோடு கட்சியில் பதிந்தேன். மறு வருஷமே கட்சியின் கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"டாக், உங்க வார்டு காக்கஸை நடத்த ஆள் கிடைக்கல. நீங்க தலைவரா இருங்களேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

"ஒரு கொட்டிலுக்குள்ள போய் ரெண்டாயிரம் பன்னிய எண்றீங்க. அறுபது பேரை எண்ண மாட்டீங்களா?"

"பன்னி நடுவுல கட்சி மாறாதுங்க."

"இங்க மாறும். அதனாலதான் ரெண்டு தடவ எண்றோம்."

இப்படித்தான் தலைவரானேன். தகுதி வேறொன்றும் இல்லை.

3

விதியை இப்போதே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஹார்லன் செய்தது உங்களுக்கு விளங்காது. சுருக்கமாகச் சொல்கிறேன், கொட்டாவி விட வேண்டாம்.

மாலை ஏழு மணிக்குக் கதவைச் சாத்துவோம். உள்ளே இருப்பவர்கள் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்தத் தலைக்கணக்குதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அப்புறம் அவரவருக்குப் பிடித்த வேட்பாளரின் மூலைக்குப் போய் நிற்க வேண்டும். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் சேர்ந்தால் அந்த மூலை தேறியது. பின்னம் வந்தால் அடுத்த முழு எண். தேறின மூலையில் நின்றவர்கள் அங்கேயே நிற்க வேண்டியதுதான், இரண்டாம் எண்ணிக்கையில் நகரக் கூடாது. தேறாத மூலைக்காரர்கள் மட்டும் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது தங்களைப் போலவே தேறாதவர்களைக் கெஞ்சிக் கூத்தாடித் தங்கள் மூலைக்கு இழுக்கலாம். ஒன்றும் சரிவராவிட்டால் வீட்டுக்குப் போகலாம். கடைசியில் தேறின மூலைகள் ஆள்பலத்துக்கு ஏற்றபடி கவுண்டி மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும். எங்கள் வார்டுக்கு ஆறு பேர்.

அவ்வளவுதான்.*

* அத்தான் கேட்கப்போகும் கேள்வி: "ரகசியமே கிடையாதா?" கிடையாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை உங்களுக்குப் பல் பிடுங்கினவர் பார்ப்பார். கடன் கொடுத்த பேங்க்காரர் பார்ப்பார். உங்களோடு பத்து வருஷமாகப் பேசாத சம்பந்தி பார்ப்பார். ஊரே பார்க்க நிற்க வேண்டும், மறுநாள் அதே ஊரில் பால் வாங்கப் போக வேண்டும். நான் எந்த மூலையில் நின்றேன் என்று ஸ்டோன் க்ரீக்கில் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

4

இனி மார்லிஸ்.

மார்லிஸ் கொபெக்கி எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓய்வு பெறும்வரை ஓட்டியவர். ஊரில் பாதிப்பேரைச் சிறு வயதில் "உக்காருடா" என்று அதட்டியவர். இன்றும் அவர் குரலை உயர்த்தினால் மீசை வைத்தவர்களெல்லாம் சட்டென்று நாற்காலி தேடுவார்கள்.

அவருக்கு ஒரு மகள், கெய்லா. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். பிள்ளை பெற வேண்டுமானால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். போன வருஷம் கெய்லாவுக்கு வலி கண்டு, புருஷன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பாதி வழியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பக்கத்தில் தெரிந்த ஒரே விளக்கு ஹார்லன் ஷ்ரோடருடைய வீட்டு விளக்கு.

ஹார்லன் மாடு வளர்ப்பவர். கன்றுக்குட்டியை இழுத்து வெளியே எடுத்தே பழகின கை. எனக்குத்தான் முதலில் போன் பண்ணினார். "டாக், இது மாடு இல்ல. என்ன செய்ய?" என்றார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேருவதற்குள் அவருடைய அடுப்படித் தரையில், சுத்தமான போர்வையின் மேல், எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். ஹார்லன் தொட்டியில் கை கழுவிக்கொண்டே இருந்தார். கழுவி முடிந்த பிறகும் குழாயை மூடவில்லை.

அதற்கப்புறம் மார்லிஸ் அவருக்கு நன்றி சொல்லாத வாரம் இல்லை. ஆப்பிள் பை சுட்டுக்கொண்டு போவார், சூப் கொண்டு போவார். ஹார்லனுக்கு அதைத் தாங்க முடியவில்லை. மார்லிஸின் வண்டி வருவது தெரிந்தால் கொட்டிலுக்குள் போய் மாட்டுக்குப் பின்னால் நின்றுகொள்வார். என்னிடம் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார்: "பெத்தது அந்தப் பொண்ணு. நான் கீழ விழாமப் பிடிச்சேன், அவ்வளவுதான். இதுக்குப் போய் வாரா வாரம் பையா? எனக்கு சர்க்கரை வேற."

மார்லிஸுக்கு இந்தக் காக்கஸில் வேண்டியது ஒன்றே ஒன்று, கவுண்டி மாநாட்டில் ஓர் இடம். அங்கே போய் மைக்கைப் பிடித்து மூன்று நிமிஷம் அந்தப் பிரசவ வார்டைப் பற்றிப் பேச வேண்டும். நின்ற வேட்பாளர்களில் மூடிய பிரசவ வார்டுகளைப் பற்றி வாயைத் திறந்தவர் ஐடா பெல்லமி ஒருவர்தான். ஜெயிக்க மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும், மார்லிஸுக்கும் தெரியும். ஆனால் பெல்லமியின் மூலை தேறினால் ஒரு பிரதிநிதி உண்டு. அந்த ஒருவர் மார்லிஸ்தான். தேறாவிட்டால் இல்லை.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். கதை என்றால் ஒரு வில்லன் வேண்டும்.

டீனா ப்ளெக்கரை வைத்து முயன்று பார்த்தேன். டீனா பேங்க்கில் வேலை பார்ப்பவள், செனட்டர் விட்லாக்கின் மூலைக்கு அவள்தான் பொறுப்பு. முதல் படியில் இப்படி எழுதியிருந்தேன்: "டீனா உதட்டைச் சுழித்துக்கொண்டு, ஏளனமாக……"

இல்லை. டீனா உதட்டைச் சுழித்து நான் பார்த்ததே கிடையாது. அன்றைக்கு அவள் இரண்டு பெரிய தட்டு நிறைய ஸ்காச்சரூ என்கிற சாக்லேட் இனிப்பு செய்துகொண்டு வந்து, எந்த மூலை என்று பார்க்காமல் எல்லாருக்கும் நீட்டினாள். மார்லிஸிடம் நீட்டியபோது, "இதத் தின்னா உன் மூலைக்கு வந்துடணுமாடி?" என்று மார்லிஸ் கேட்டார். "வேணாம். ஆனா வயித்தெரிச்சலோட பெல்லமி மூலையில நிக்க வேணாம்னுதான்," என்றாள் டீனா. இவளை வைத்துக்கொண்டு நான் எப்படி வில்லத்தனம் பண்ணுவது?

ஹார்லனோடு வேறு விதமான தொல்லை. அவர் அளவுக்கு மீறி நல்லவராகிக்கொண்டே போகிறார். கதைக்கு ஆகாது. ஆகவே அவருடைய குறைகள் சிலவற்றை இங்கே பதிவு செய்கிறேன்: காது கேட்கும், ஆனால் கேட்காத மாதிரி இருப்பார். புகையிலை மெல்லுவார். என் வண்டியை எங்கே நிறுத்தினாலும் அது தப்பான இடம் என்பார். பிடிவாதம், சொல்லி மாளாது. கோடையில் விட்லாக்கின் ஆள் ஒருவன் வந்து பேசியபோது, "சரி, நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். அந்தப் பையன் பெயர்கூட இன்று அவருக்கு ஞாபகமில்லை, ஆனாலும் விட்லாக்கின் மூலையில்தான் போய் நின்றார். மார்லிஸும் அவரிடம் வந்து கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தவரிடம் போய் மாறச் சொல்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

6

பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கில் நாங்கள். நடைக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டுக் கூடத்தில், பக்கத்து வார்டுக்காரர்கள். ஏழு மணிக்கு இரண்டு கதவும் சாத்தியாயிற்று. கையெழுத்துப் போட்டவர்கள் அறுபத்தொரு பேர். அறுபத்தொன்றில் நூற்றுக்குப் பதினைந்து என்றால் ஒன்பதுக்குக் கொஞ்சம் மேலே. ஆக, தேற வேண்டுமானால் பத்துப் பேர்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவரவர் எண்ணை அவரவரே சத்தமாகச் சொல்ல வேண்டும். விட்லாக் மூலையில் முப்பத்தொன்று, கவர்னர் ஓர்மண்ட் மூலையில் இருபது, பெல்லமி மூலையில் எட்டு.

எட்டா? ஒரு தலை கூடுதலாக உதைத்தது. போய்ப் பார்த்தால் கெய்லா தன் எண்ணையும் சொல்லி, இடுப்பிலிருந்த குழந்தைக்கும் ஒரு எண் சொல்லியிருக்கிறாள்.

"கெய்லா, இவளுக்கு ஓட்டு வர இன்னும் பதினேழு வருஷம் இருக்கு."

"இவளுக்காகத்தானே டாக் நிக்கிறோம்?"

"நியாயந்தான். ஆனா செல்லாது."

பெல்லமி ஏழு. எந்தப் பக்கமும் சேராமல் நடுக்கோட்டில் நின்றவர்கள் மூன்று பேர்.

இரண்டாம் எண்ணிக்கைக்கு நேரம் கொடுத்தேன். மார்லிஸ் அந்த மூன்று பேரிடம் போனார். லிண்ட்குவிஸ்ட் தம்பதி, ஓய்வுபெற்றவர்கள், பொறுமையாகக் கேட்டார்கள். "எங்க பேத்திக்கும் ஆகஸ்ட்ல தேதி குடுத்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் முதலில் நடந்தார், பின்னாலேயே அவர் போனார். மூன்றாமவர் தீவனக் கடை ரோஜர். கை கொடுத்தார், தலையைச் சொறிந்தார், ஓர்மண்ட் மூலையைப் பார்த்தார். அங்கே அவருடைய மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"உன் பேச்சு நியாயம்தான் மார்லிஸ். ஆனா நான் வீட்டுக்குப் போகணுமே."

ஓர்மண்ட் மூலைக்குப் போய்விட்டார்.

திரும்ப எண்ணினோம். விட்லாக் முப்பத்தொன்று. ஓர்மண்ட் இருபத்தொன்று. பெல்லமி ஒன்பது.

ஒரு ஆள் குறைகிறது. அரங்கில் வேறு யாரும் நகர முடியாது, எல்லாரும் தேறின மூலைகளில் இருப்பவர்கள். நானும்தான். மார்லிஸ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரித்து ஒரு பத்தி எழுதினேன், கிழித்தும் போட்டேன். அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"பெல்லமி மூலை ஒன்பது. பத்து வேணும். தேறல," என்றேன்.

மார்லிஸ் சட்டையிலிருந்த பெல்லமி ஸ்டிக்கரை மெல்ல உரித்தார். "சரி, பிள்ளைங்களா," என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார், "வேற மூலைக்குப் போறவங்க போங்க. என்ன நினைச்சு யாரும் நிக்க வேணாம்." யாரும் நகரவில்லை.

7

விட்லாக் மூலையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"டாக், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஹார்லன்."

"வார்டு எல்லை எங்க ரோட்டு நடுவுலதான போகுது?"

"ஆமா."

"ரோட்டுக்குக் கிழக்க இருக்கவங்க இங்க. மேற்க இருக்கவங்க?"

"சாப்பாட்டுக் கூடத்துல."

"அப்ப நான் இங்க நிக்கக் கூடாது."

(இங்கே "அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி" என்று எழுதக் கை துறுதுறுத்தது. உண்மையில் யாரோ ஸ்காச்சரூ மென்றுகொண்டிருந்தார்கள். நன்றாகவே கேட்டது.)

"உங்க வீடு கிழக்கதான ஹார்லன்?" என்றேன்.

"வீடு கிழக்கதான் இருக்கு. நான் மேற்க இருக்கேன். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏற முடியல. எதிர்ல கொட்டில் பக்கத்துல டிரெய்லர் வீடு கிடக்குல்ல, அதுலதான் குடித்தனம். பழக்க தோஷத்துல பழைய விலாசத்த எழுதிட்டேன்."

டீனா முன்னால் வந்தாள். "அது நீங்க கன்னு போடுற சீசன்ல காவலுக்குப் படுக்கிற இடம்தானே?"

"இப்பல்லாம் எனக்கு வருஷம் பூரா சீசன்தான்."

சிலர் சிரித்தார்கள். டீனா சிரிக்கவில்லை.

"ஹார்லன், யோசிச்சுத்தான் பேசுறீங்களா? ஏழு மணிக்கே அந்தக் கதவச் சாத்தியாச்சு. அங்க உங்களச் சேத்துக்க மாட்டாங்க. இங்கயும் இல்லன்னா, இந்தத் தடவ உங்களுக்கு எங்கயுமே இல்ல."

"தெரியும்."

"விட்லாக்குக்கு நிக்கிறேன்னு வாக்கு குடுத்தீங்க."

"நின்னேனே. இவ்வளவு நேரமும் நின்னேனே டீனா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் என்று ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்களே, அதன் கனம் அப்போதுதான் தெரிந்தது. விதியில் தெளிவாகத்தான் இருக்கிறது: எது என் வீடு என்று ஒருவர் சொல்கிறாரோ அதுதான் அவருடைய வீடு. பொய் என்று நிரூபிக்க முடியாதவரை அவர் வாய்ச்சொல்லை ஏற்க வேண்டும். நான் என்ன, போய்ப் படுக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டா வர முடியும்?

"ஹார்லன், எல்லார் முன்னாலயும் கேக்கிறேன். நீங்க எங்க குடியிருக்கீங்க?"

"மேற்க."

அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் அவர் பெயரை அடித்தேன்.

தேறாத மூலையின் தலைவிதி தலைக்கணக்கில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? ஒருவர் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனால் அந்தக் கணக்கு மாறாது. வந்திருக்கவே கூடாதவர் வந்திருந்தால் மட்டும்தான் மாறும். ஹார்லன் மார்லிஸின் மூலைக்குப் போக முடியாது. ஆனால் அரங்கிலேயே இல்லாதவராக முடியும்.

"அறுபது பேர்," என்றேன். "அறுபதுல நூத்துக்குப் பதினஞ்சு……"

டீனாதான் முடித்தாள். ஆறாவது பிரதிநிதி இடம் தன் பக்கம் வந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தவள் அவள்தான்.

"ஒன்பது," என்றாள். "ஒன்பதேதான். தேறுது. எழுதிக்கோங்க டாக்."

8

இப்போது முடிவு. மூன்று முடிவுகளை எழுதி, மூன்று மூலையில் நிறுத்திப் பார்த்தேன்.

முதல் முடிவில் மார்லிஸ் ஓடிப்போய் ஹார்லனைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அரங்கமே கைதட்டுகிறது. எண்ணிப் பார்த்தேன், தேறவில்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை. ஹார்லனைக் கட்டிக்கொண்டால் அவர் ஊரைவிட்டே போய்விடுவார்.

இரண்டாவதில், வெளியே போகும்போது ஹார்லன் என்னிடம், "இனிமே பை வராதுல்ல டாக்?" என்று கேட்கிறார். எனக்குப் பிடித்த முடிவு இது. ஆனால் அவர் கேட்கவில்லை. நானே கேட்க வைத்தேன்.

மூன்றாவது நடந்தது. கணக்கில் இல்லாதவர்கள் பார்வையாளர்கள். அவர்கள் அரங்கின் தரையில் நிற்கக் கூடாது, ஓரத்துப் படிக்கட்டுப் பலகையில் போய் உட்கார வேண்டும். ஹார்லன் தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு, தரையைக் கடந்து, கீழ்ப் பலகையில் போய் உட்கார்ந்தார். தன் ஊரில், தான் படித்த பள்ளியில், ஆயுசு முழுக்க நின்ற காக்கஸில், ஓரமாக உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. நான் இல்லையென்று எழுத மாட்டேன். வாக்கு என்பது அவருக்கு விளையாட்டு இல்லை.

அவருடைய கோட்டு விட்லாக் மூலையிலேயே நாற்காலியில் கிடந்தது. மார்லிஸ் போய் அதை எடுத்தார். மெதுவாக நடந்து வந்து அவரிடம் நீட்டினார்.

"குளிரல," என்றார் ஹார்லன்.

"வச்சுக்கோ."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மார்லிஸ் நன்றி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக வாரம் தவறாமல் சொன்னவர், அன்றைக்குச் சொல்லாமல் விட்டார். அதைவிடப் பெரிய நன்றியை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை.

அவர் சொல்லாததை நான் சொல்லிக்கொள்கிறேன். நன்றி ஹார்லன். நன்றி டீனா, அந்த ஒன்பதை உன் வாயாலேயே சொன்னதற்கு. நேற்று வந்தவள் என்று நினைக்காமல், எண்ணும் வேலையை என்னை நம்பிக் கொடுத்த ஊருக்கும் நன்றி. பன்றிக் கொட்டிலில் நின்று இதை நினைத்துப் பலமுறை கண் கலங்கியிருக்கிறேன். பன்றிகள் கண்டுகொள்ளவில்லை.

மார்ச்சில் மார்லிஸ் மாநாட்டுக்குப் போனார். மூன்று நிமிஷம் என்றார்கள், ஏழு நிமிஷம் பேசினார். நடுவில் மணியடித்த ஆளைப் பார்த்து, "உக்காருடா," என்றாராம். பிரசவ வார்டைத் திறக்கக் கோரும் தீர்மானம் நிறைவேறி மேலே போயிருக்கிறது. வார்டு இன்னும் திறக்கவில்லை.

9

நியாயமாகப் பார்த்தால் கதை அங்கேயே முடிய வேண்டும். ஆனால் உங்களுக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரியும், எனக்குள்ளும் அதுதான் உட்கார்ந்திருந்தது. ஹார்லன் உண்மையிலேயே அந்த டிரெய்லரில்தான் குடியிருந்தாரா? அல்லது மாட்டுத் தீவனக் கலவையை வாழ்நாள் முழுக்க மனக்கணக்காகவே போட்ட மனிதர், அறுபத்தொன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன வரும் என்று அந்த மூலையில் நின்றபடியே கணக்குப் போட்டுவிட்டாரா?

அதே வாரம் வியாழக்கிழமை அவர் கூப்பிட்டார். கன்று தலைகீழாகத் திரும்பியிருந்தது. போனேன். ரோட்டுக்குக் கிழக்கே வீடு, மேற்கே டிரெய்லர். நடுவில் வண்டியை நிறுத்தினேன். (தப்பான இடம் என்றார்.) குளிர்காலத்தில் ஒரு மனிதன் எங்கே வாழ்கிறான் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. எந்தப் புகைபோக்கியில் புகை வருகிறது, எந்த வாசலுக்குப் போகும் பாதை தேய்ந்திருக்கிறது என்று தலையைத் திருப்பினால் தெரியும்.

நான் திருப்பினேனா? திருப்பியிருந்தால், என்ன……

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். கன்று பிழைத்தது. கை கழுவினோம். அவர் காபி தந்தார், கொட்டிலிலேயே நின்று குடித்தோம். எந்த வீட்டில் போட்ட காபி என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் இன்றுவரை யாரும் கேட்கவில்லை. டீனாகூடக் கேட்கவில்லை.

ஆனால் வாசகராகிய நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லை. ரோட்டுக்குக் கிழக்கேயும் உங்களுக்கு வீடில்லை, மேற்கேயும் இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், துரத்த மாட்டேன், ஆனால் விதிப்படி உங்கள் இடமும் அந்தப் பலகைதான். ஹார்லன் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போய் உட்காருங்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் நீங்கள் கேளுங்கள். காது கேட்காத மாதிரி இருப்பார், இரண்டாம் தரமும் கேட்க வேண்டியிருக்கும். கேட்காமல் பக்கத்தில் சும்மா இருந்துவிட்டாலும் சரிதான்.

நான் உங்களோடு வர முடியாது. எனக்கு இங்கே அறுபது பேரை எண்ண வேண்டியிருக்கிறது.